சாம்பல் அரைத்த கையும் மருந்துத் தூளும்

ஊடுகதிர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு ஆய்வகத்தார் கேட்டனர். கருவியை இயக்கும் முறையை அதனுடன் வந்த கையேடு என்னைவிட நன்றாகச் சொல்லும். அதை நான் தொடப்போவதில்லை. கருவி தன் வேலையை ஒழுங்காக முடித்த பிறகு, அது வரைந்த கோட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்ன சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்ற யோசனையிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவ்வகையில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதுகிறேன்.

நம் ஆய்வகம் நெய்வேலி நகரியத்தின் விளிம்பில் இருப்பதால் அதற்கு வரும் மாதிரிகள் இரு சாதி. காலையில் அனல்மின் சாம்பலும் சுரங்கத்துக் களிமண்ணும் வரும். பிற்பகலில் கடலூர்ப் பக்கத்து மருந்து ஆலைகளிலிருந்து வெண்தூள் வரும். சென்னைக்கு அனுப்பிக் காத்திருக்க மனமில்லாத ஆலைகள் நம்மிடம் வருகின்றன. ஒரே கருவிதான் இரண்டையும் பார்க்கிறது. அதற்குச் சாம்பலென்றும் மருந்தென்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது தட்டில் தூளை நிரப்பும் நமக்கு.

மருந்தை ஏன் ஊடுகதிரால், அதாவது எக்ஸ்ரேயால், பார்க்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே வகைச் செங்கல்லை இருவிதமாக அடுக்கிச் சுவர் எழுப்பலாம். அதுபோலவே ஒரே மருந்தின் மூலக்கூறுகள் இருவிதமாக அடுக்கப்பட்டு இரு படிக வடிவங்களைத் தரக்கூடும். வேதியியல் சோதனைக்கு இரண்டும் ஒன்றே. உடம்புக்கு ஒன்றல்ல, ஒன்று விரைவில் கரையும், மற்றொன்று கரையாமல் வயிற்றைக் கடந்துவிடும். ஊடுகதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு வடிவமும் தனக்குரிய கோணங்களில் அதைத் திருப்பியனுப்பும். அதை வரைந்தால் கோட்டில் உச்சங்கள் எழும். எந்தக் கோணத்தில் உச்சம் இருக்கிறது என்பதைக் கொண்டு எந்த வடிவம் என்று சொல்லிவிடலாம்.

நான் சொல்லும் மருந்தின் பெயர் வேண்டாம். அதன் முதல் வடிவமே மாத்திரைக்கு ஏற்றது. உலர்த்தியில் வெப்பம் வரம்பு மீறினால் அது இரண்டாம் வடிவத்துக்கு மாறத் தொடங்கும். ஆகவே உலர்த்தி முடித்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு மாதிரியை ஆலை நமக்கு அனுப்பிவந்தது.

அப்போது நம் பிரிவில் மாதிரிகளை ஆயத்தம் செய்தவர் டேனியல். பழுப்பு நிலக்கரியும் சாம்பலும் ஆய்வு செய்யும் இடத்தில் நெடுங்காலம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவிட்டு நம்மிடம் வந்தவர். மனைவி நகரியப் பள்ளியில் ஆசிரியை. அவர் பெயரில் ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால், "குவார்ட்டர்ஸ் அவங்களுது, வாசல்ல நிக்கிற சைக்கிள் மட்டும் என்னுது" என்பார். சாம்பலை அவரைப் போல அரைத்தவர் எவரையும் நான் கண்டதில்லை. சாம்பலில் பருமணிகள் இருந்தால் உச்சங்களின் உயரம் பொய் சொல்லும். ஆகவே மாவைவிடவும் மென்மையாக அரைக்க வேண்டும். அரைத்த சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்துக் காதருகே வைத்து இரு விரல்களால் தேய்ப்பது சாம்பல் ஆய்வகத்தாரின் வழக்கம். நறநறப்புக் கேட்டால் தூள் மீண்டும் அரைகல்லான கலுவத்துக்குப் போகும். மருந்துத் தூளைக் கையால் தொடக்கூடாது என்பதால் டேனியல் அங்கே கையுறை அணிந்து, குழவியின் ஒலியைக் கேட்டு அரைத்தார். ஒலி அடங்கும்வரை விடமாட்டார்.

ஒரு வாரம் நான் அலுவலாக வெளியூர் சென்றிருந்தேன். திரும்பி வந்தபோது மேசைமேல் ஒரு வரைகோடு இருந்தது. அந்த மருந்தின் புதிய தொகுதி. முதல் வடிவத்தின் உச்சங்களுக்கிடையே இரண்டாம் வடிவத்துக்குரிய கோணத்தில் ஓர் உச்சம், சிறியதாயினும் மறுக்கமுடியாதபடி, எழுந்திருந்தது. அறிக்கையில் என் கையொப்பம் மட்டுமே பாக்கி.

ஆனால் செய்தி கையொப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆலையின் தரப்பிரிவுத் தலைவி நாள்தோறும் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். டேனியல் நல்லெண்ணத்தோடு, "செகண்ட் ஃபார்ம் தெரியுது மேடம்" என்று சொல்லிவிட்டார். ஆலையில் உடனே தொகுதியைப் பூட்டிவைத்தார்கள். அன்றைய ஷிஃப்டில் உலர்த்தியில் நின்றவர் வெப்பத்தைக் கூட்டியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அறிக்கை வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவரைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். உலர்த்தியின் வெப்பப் பதிவுக்கருவி அப்போது பழுதாகிக் கிடந்தது. ஆகவே அவர் விதியைத் தீர்மானிக்க நம் அறிக்கையைத் தவிர வேறொன்றும் அவர்களிடம் இல்லை.

ஆய்வகத்தின் உரிமையாளர் என் அறைக்கு வந்து, போனில் சொன்னதை எழுத்தில் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றார். நான் வரைகோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒன்று பிடிக்கவில்லை. வெப்பத்தால் மாறும் படிகம் நிதானமாக வளரும். அதன் உச்சம் ஒல்லியாகக் கூர்ந்து நிற்கும். இங்கேயோ அது அகன்று சோம்பி நின்றது. முதல் வடிவத்தின் உச்சங்களும் தம் வழக்கமான கூர்மையை இழந்திருந்தன. உச்சங்களுக்குக் கீழே ஓடும் அடிக்கோடு நடுவில் சற்று மேடிட்டிருந்தது. வெந்த தூளில் இவை சேர்ந்து வருவதை நான் பார்த்ததில்லை. நசுங்கிய தூளில் பார்த்திருக்கிறேன்.

டேனியலை அழைத்து எப்படி அரைத்தார் என்று கேட்டேன்.

"நல்லாதான் மேடம் அரைச்சேன். கல்லு சத்தமே இல்லாம, மை மாதிரி."

"எவ்ளோ நேரம்?"

"சாம்பலுக்கு எவ்ளோவோ அவ்ளோ." பிறகு என் முகத்தைப் பார்த்து, "கம்மியா மேடம்?" என்றார்.

அதிகம் என்று நான் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. அவர் மறுப்பில் நியாயம் இருந்தது. அரைக்காத தூளில் படிகங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டால் சில உச்சங்கள் மறைந்துபோகும். இருக்கும் குற்றத்தை நாமே மறைத்ததாக ஆகும். "நாளைக்கு மாத்திர கரையலன்னா நம்மளத்தான் மேடம் கேப்பாங்க" என்றார். அந்தக் கேள்வியை நான் மதித்தேன். நீங்களும் மதிக்க வேண்டும். ஒரு தொழிலாளியின் பிழைப்புக்கு இரங்கி, மாறிய மருந்தை மாறவில்லை என்று சொன்னால், அந்த மாத்திரையை விழுங்கப்போகிறவர் நம் கண்முன் இல்லை என்பது மட்டுமே நமக்குத் துணிவாக இருக்கும்.

மாதிரியில் அரைபடாத பகுதி குப்பியில் மிச்சமிருந்தது. அதை மறுபடி ஆராய்வதென்று முடிவு செய்தேன். தரப்பிரிவுத் தலைவியிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அவருக்குக் கோபம். உலர்த்தி நின்றுபோயிருக்கிறது, அடுத்த தொகுதி ஈரத்தோடு காத்திருக்கிறது, சொன்ன முடிவுக்கு மீண்டும் என்ன ஆய்வு என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. நாம் சொன்னது முடிவு அன்று, வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு பாதி என்பதை அவரிடம் எப்படி விளக்குவது? அறிக்கை இன்னும் பிறக்கவில்லை என்று மட்டும் சொல்லி வைத்தேன். உரிமையாளருக்கும் மகிழ்ச்சியில்லை. "சொன்னத மாத்துனா இனிமே எவன்மா நம்ம கிட்ட வருவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தூளைச் சலிக்க மட்டும் செய்து, சாய்ந்து படுக்காதபடி பக்கவாட்டிலிருந்து தட்டில் நிரப்பி, தட்டைச் சுழலவிட்டு எடுத்தோம். பிற்பகலில் முதற்கோடு வந்தது. இரண்டாம் வடிவத்தின் இடம் வெறுமையாக இருந்தது. டேனியல் திரையருகே குனிந்து பார்த்தார். ஒரு நிரப்பலை நம்பி ஒரு சொல்லும் சொல்வதற்கில்லை. தட்டை வெறுமையாக்கி மறுபடி நிரப்பச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் வாயிலிலிருந்து என்னைப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

முன்னறையில் நின்றிருந்தவர் நடுவயதினர். துவைத்துத் தேய்த்த சட்டை. தம்மை நடராசன் என்று சொல்லிக்கொண்டார். திருப்பியனுப்பப்பட்ட அந்த உலர்த்தித் தொழிலாளி அவர்தாம். சுரங்கத்தை அடுத்த வளையமாதேவி ஊர்க்காரர். குடும்பத்து நிலத்தில் ஒரு பங்கு சுரங்கத்துக்குப் போன பிறகு மருந்து ஆலையில் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். அந்த ஆண்டு அவரை நிரந்தரமாக்குவதாக ஆலையில் சொல்லியிருந்தார்களாம். அறிக்கை தமக்கு எதிராக வந்தால் நிரந்தரம் மட்டுமன்று, ஒப்பந்தமும் போய்விடும் என்றார். புலம்பவில்லை, ஊருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உலர்த்தியின் மூலையில் ஒட்டியிருந்த தூளாம். முன்னரே எடுத்து வைத்திருந்தாராம்.

வாங்க முடியாது என்றேன். எங்கிருந்து, எப்போது, யார் எடுத்தது என்பதற்குச் சான்றில்லாத தூளைக் கருவிக்கு முன் வைக்க மாட்டோம். அதை அவர் எடுத்து வந்ததே அவருக்குக் கெடுதலாக முடியலாம் என்றும் சொன்னேன். பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"ஒண்ணு மட்டும் கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"எத்தினி சூடு போனா இது மாறுங்க?"

உலர்த்தியின் சூட்டைக் கூட்டாத ஒருவர் அக்கேள்வியைக் கேட்க மாட்டார். அவரும் கேட்ட பிறகே அதை உணர்ந்தார் போலும். சுவரைப் பார்த்தார்.

"மழைங்க அன்னிக்கி. ஈரம் வுடவே இல்ல. அடுத்த ஷிஃப்ட்டுக்காரன் பேட்ச்ச வச்சிகினு வாசல்ல நிக்கிறான், திட்டிகினே இருக்கான். கொஞ்சம் ஏத்துனங்க. கொஞ்சந்தான். ஒடனே எறக்கிட்டன். யாருகிட்டயும் சொல்லல."

அந்த நிமிடத்தில் நான் அறிந்திருந்தவை இரண்டு. அவர் வெப்பத்தைக் கூட்டியிருந்தார். உள்ளே திரையில் கிடந்த கோட்டின்படி, கூட்டிய வெப்பம் தூளை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதை அவரிடம் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார். முதலாவதைத் தொலைபேசியில் ஆலைக்குச் சொல்லியிருந்தால் என் கடமை முடிந்ததென்று நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டையும் செய்யவில்லை.

"இத நீங்க என்கிட்ட சொல்லக்கூடாதுங்க" என்றேன். "உங்க குவாலிட்டி மேடம்கிட்ட நீங்களே சொல்லணும். எங்க ரிப்போர்ட் நாளைக்குப் போகும். அதுக்கு முன்னாடி சொன்னீங்கன்னா நல்லது."

"சொன்னா வேல போயிடுங்களே."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"ரிப்போர்ட்டுல என்னா வருங்க?"

"அத இப்ப சொல்ல மாட்டேன்."

அவர் தலையசைத்துவிட்டு வெளியேறினார். திரும்பியபோது டேனியல் கதவருகே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"தூள் நல்லாதான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம். அந்தாளு பஸ் ஏறுவாரோ, வேற எங்கயாவது போவாரோ."

"போன வாரம் போன்ல ஒரு வார்த்த சொன்னதுனாலதான் டேனியல் அவரு இங்க வந்து நிக்கிறாரு."

சொன்ன பிறகு குரல் சற்றுக் கடுமையாக இருந்ததோ என்று தோன்றியது. டேனியல் உள்ளே போய்த் தட்டை நிரப்பத் தொடங்கினார்.

மறுபடி நிரப்பி எடுத்த கோட்டிலும் இரண்டாம் வடிவம் இல்லை. பிறகு அதே தூளில் ஒரு பங்கைச் சிறிது அரைக்கச் சொன்னேன், எடுத்தோம். இன்னும் சிறிது, எடுத்தோம். ஒவ்வொரு முறையும் அந்தக் கோணத்தில் கோடு சற்றே தலை தூக்கியது. கடைசியில் டேனியல் தம் வழக்கப்படி, ஒலி அடங்கும்வரை, அரைத்தார். திரையில் எழுந்தது, ஊரிலிருந்து திரும்பியபோது மேசைமேல் நான் கண்ட அதே அகன்ற உச்சம். அதுவரை மாறாதிருந்த தூள் எங்கள் கலுவத்தில் மாறியது. உலர்த்தியின் வெப்பம் செய்யத் தவறியதைக் குழவியின் அழுத்தம் செய்துவிட்டிருந்தது.

டேனியல் கையுறைகளைக் கழற்றித் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அப்ப அக்யூஸ்ட் இது ரெண்டுந்தானா மேடம்?"

"அதுங்க சாம்பலுக்குன்னே பொறந்தது. மருந்துகிட்ட வுட்டது நம்ம ஆய்வகம்" என்றேன். சிரித்தார்.

அறிக்கையைச் சிறியதாகவே எழுதினேன். மாதிரியில் இரண்டாம் வடிவம் காணப்படவில்லை. முன்னர் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது, மாதிரியை அரைத்ததால் ஆய்வகத்தில் நேர்ந்த மாற்றம். சான்றாகக் கோடுகள் இணைக்கப்பட்டுள்ளன. அரைத்தவர் பெயர் அதில் இல்லை. நம் பிழையை நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று உரிமையாளர் கேட்டார். எழுதாவிட்டால் போன வார வார்த்தைக்கும் இன்றைய வார்த்தைக்கும் நடுவே நடந்ததைப் பற்றி ஆலையில் வேறு கதை கட்டிக்கொள்வார்கள் என்றேன். தாளை மறுபடி படித்துவிட்டு, அனுப்பச் சொன்னார்.

அறிக்கை போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் தரப்பிரிவுத் தலைவி அழைத்தார். கோடுகளைப் பற்றிக் கூர்மையான கேள்விகள் கேட்டார். நிரப்பிய முறையைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். பிறகு அவர் குரல் சற்று மாறியது.

"அப்ப நடராசன் சூட்ட ஏத்தவே இல்லன்னு எடுத்துக்கலாங்களா?"

ஆமென்று சொல்லிவிடலாம். எவரும் அதைப் பொய்யென்று நிறுவ முடியாதென்றே அப்போது எண்ணினேன். முதல்நாள் முன்னறையில் கேட்டதைச் சொல்லிவிடலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது நம் அறிக்கையைப் பற்றி. நம் அறிக்கைக்கு அவ்வளவு தெரியாது.

"தூள் மாறல. அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். சூட்ட ஏத்துனாரா இல்லையாங்கறது இந்தக் கோட்டுல தெரியாதுங்க. அத அவரத்தான் நீங்க கேக்கணும்."

எதிர்முனையில் தாளை மூடிவைக்கும் ஓசை கேட்டது.

"கேக்க வேண்டியதில்ல மேடம். காலைல கேட் தொறக்கும்போதே வந்து நின்னாரு. ஏத்துனேன்னு அவரே சொல்லிட்டாரு. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்தேன்."

அதன்பின் அந்த ஆலை எந்த மாதிரியையும் வேறெங்கும் அனுப்பவில்லை. நான் ஆமென்று சொல்லியிருந்தால், கூர்மையான அத்தனை கோடுகளும் அந்த ஒரு சொல்லோடு குப்பைக்குப் போயிருக்கும். நம் தொழிலில் கருவி காட்டாததைக் கருவியின் பெயரால் சொல்லும் ஆசை அடிக்கடி வரும். பெரும்பாலும் இரக்கத்தின் உருவிலேயே வரும். அப்போது எதிரே இருப்பவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்று நீங்கள் காணும் ஏற்பாடுகள் சில அந்த நிகழ்ச்சியிலிருந்து வந்தவை. சாம்பலுக்கும் மருந்துக்கும் தனித்தனி மேசை. அரைக்காமல் முதலில் ஒரு கோடு எடுத்தே தீரவேண்டும் என்ற விதி. கையொப்பத்துக்கு முன் முடிவைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்ற விதி. இந்தக் கடைசி விதியை எல்லாரையும்விடக் கண்டிப்பாகக் காத்தவர் டேனியல். ஆலையிலிருந்து அழைப்பு வந்தால், "மேடம் கையெழுத்து இன்னும் காயல சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

நடராசனுக்கு வேலை போகவில்லை. தூள் கெடாததாலும் தாமே முன்வந்து சொன்னதாலும் எச்சரிக்கையோடு விட்டார்கள். பதிவுக்கருவியைப் பழுதாகவே போட்டுவைத்த குற்றமும் ஆலைக்கு உண்டல்லவா. ஆனால் அந்த ஆண்டு நிரந்தரமாக்கியவர்கள் பட்டியலில் அவர் இல்லை. ஒப்பந்தத்திலேயே தொடர்ந்தார்.

நெடுநாள் கழித்து நகரியத்துப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மகளுக்குச் சீருடை வாங்க வந்திருந்தார். அவரே அருகில் வந்து வணக்கம் சொன்னார். நலம் விசாரித்தேன். உலர்த்தியில்தான் இன்னும் நிற்பதாகவும், புதிய பதிவுக்கருவி ஓயாமல் கீச்சுக் கீச்சென்று கத்துவதாகவும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கடலூர் வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அன்னிக்கி தூளு நல்லாருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இல்லீங்களா?"

"ஓரளவு தெரியும்."

"சொல்லியிருந்தீங்கன்னா நான் காலைல போயி வாயத் தொறந்திருக்கவே மாட்டேங்க. இந்நேரம் பர்மனென்ட்டு."

அதில் நன்றி இருந்ததா, குறை இருந்ததா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு. சரி என்று நான் செய்ததன் செலவை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். கடலூர் வண்டி வந்துவிட்டது. சீருடைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் முன்படியில் ஏறினார். உட்கார இடம் கிடைத்ததும் சன்னல் வழியே ஒருமுறை தலையசைத்தார். நானும் அசைத்தேன்.